அப்பாவுக்கு ஆஸ்டல்ல இடம் கெடைக்குமா?

வாப்பா தம்பி, உக்காரு. எக்ஸெல் வண்டியில டிபன் கேரியர் தொங்குது, தலையெல்லாம் புழுதி. அண்ணாமலை நகர்லேர்ந்துதானே வர்ற? நெனச்சேன். இந்த வாரத்துல இது நாலாவது தடவை. குமராட்சியிலேர்ந்து சிதம்பரத்துக்கு நீ போயிட்டு வர்ற கணக்கைப் பாத்தா, பஸ்ஸுல போயிருந்தா அவன் உனக்கு ஒரு பாஸே போட்டுக் குடுத்திருப்பான்.

கேரியர்ல என்ன? கொத்சா! சிதம்பரத்துக்கே கொத்சு தூக்கிக்கிட்டுப் போன ஆளு இந்த ஜில்லாவுல நீ ஒருத்தன்தான். உன் மவ வாங்கினாளா? "மெஸ்ல சாப்பிட்டுட்டேன்ப்பா"ன்னாளா? கேட்டுக்கு இந்தப் பக்கம் நீ, அந்தப் பக்கம் அவ, நடுவுல வாட்ச்மேன். அவருக்குக் குடுத்துட்டு வந்தியா இல்லையா? பாவம், அவரு புள்ளையும் எந்த ஊர் ஆஸ்டல்ல கெடக்குதோ.

நான் காலேஜ் வாசல் மிதிக்காதவன். ஆனா காலேஜ் புள்ளைங்களை எனக்குத் தெரியும்ப்பா. உன் மவ படிக்கிற அதே வெவசாயப் படிப்புல, கடைசி வருஷம் ஊர்ல வந்து தங்கிக் கத்துக்கிட்டுப் போவணும். இந்தப் பக்கமும் ஒரு கூட்டம் வந்துது. நோட்டை எடுத்துக்கிட்டு வந்து, "தாத்தா, சம்பாவுக்கு என்ன உரம் போடுவீங்க?"ன்னுதுங்க. சொன்னேன். எழுதிக்கிச்சிங்க. ரெண்டு நாள் கழிச்சு அதையே கலர் சார்ட்டுல எழுதிக்கிட்டு வந்து எனக்கே பாடம் நடத்துச்சிங்க. நல்ல புள்ளைங்க. சாயங்காலம் ராஜன் வாய்க்கா மதகுல கால விட்டுக்கிட்டு உக்காந்திருக்கும்போது ஒருத்தனுக்குப் போன் வந்துது. "கிளாஸ்ல இருக்கேன்ப்பா"ன்னான். தண்ணி சலசலன்னு ஓடுது, பக்கத்துல எருமை கத்துது. அந்த அப்பன் "சரிப்பா, நல்லா கவனி"ன்னு வச்சுட்டான்.

ஒரு நாளைக்கு எத்தனை தடவை கூப்பிடற? ஏழா? வீராணம் ஏரி அம்மாம் பெரிசு, முழு மட்டம் 47.5 அடி, மெட்ராஸ்காரன் குடிக்கிற தண்ணி அதுல கெடக்குது. அதுக்கே பேப்பர்ல நாளைக்கு ஒரு தடவைதான் மட்டம் போடறான். நீ ஒரு புள்ளைக்கு ஏழு தடவை ஸ்கேல் வைக்கிற.

1920-ல மீனாட்சி காலேஜுன்னு தொடங்கி, 1929-ல யுனிவர்சிட்டியா ஆனது உன் மவ படிக்கிற எடம். அப்பல்லாம் திருநெல்வேலியிலேர்ந்தும் மதுரையிலேர்ந்தும் ரயிலேத்தி விட்டுட்டு அப்பனுங்க வீட்டுல உக்காந்திருப்பாங்க. மாசத்துக்கு ஒரு கார்டு வரும்: "இங்கு யாவரும் நலம், பணம் அனுப்பவும்." அதையே தலைமாட்டுல வச்சுக்கிட்டுத் தூங்குனாங்க. உனக்கு வாட்ஸ்அப்புல நீலக் கோடு ரெண்டு வரலேன்னா சோறு எறங்கல.

போன செமஸ்டர் ரிசல்ட் வந்தன்னிக்கு நீ பட்ட பாட்டை ஊரே பாத்துது. "ஏழுதான் வாங்கியிருக்கா"ன்னு திண்ணையில சுருண்டுட்ட. அது பத்துக்கு ஏழுடா! நீ நூத்துக்கு ஏழுன்னு நெனச்சிக்கிட்டு ஒரு ராத்திரி பட்டினி. கேட்டிருந்தா அவளே சொல்லியிருப்பா. நீ கேக்கறது "சாப்பிட்டியா", "ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கு" இந்த ரெண்டுதானே.

இம்மாம் கண்ணு புள்ள மேல வச்சிருக்கியே, காயிதத்து மேல எங்க வச்ச? அதைச் சொல்லு. ஒரு காலேஜுல அசல் மார்க் சீட்டை வாங்கி வச்சிக்கிட்டாங்கன்னு உன் மச்சான் அலைஞ்சானே. சரிபாத்துட்டு அசலைத் திருப்பிக் குடுத்துடணும்னு யூஜிசி 2018-லயே சொல்லிடுச்சு. படிப்பை விட்டு வெலகினா கட்டின பீஸ் திரும்ப வர்றதுக்கும் நாள் கணக்கு உண்டு. நாள் ஆக ஆகக் கொறஞ்சு, கடைசியில சைபர். உன் மச்சான் "நல்ல நாள் பாத்து லெட்டர் குடுக்கலாம்"னு இருந்தான். நல்ல நாள் வந்துது, பணம் வரல.

பேங்கு லோன் பேப்பர்ல எத்தனை எடத்துல கையெழுத்துப் போட்ட? தெரியாது. ஒரு எடத்துலயாவது படிச்சியா? ஏழரை லட்சம் வரைக்கும் படிப்புக் கடனுக்குச் சொத்து அடமானம் கேக்கறதில்ல. ஏழரைன்னதும் உனக்குச் சனிதான் ஞாபகம் வரும். படிக்கிற காலமும் முடிஞ்சு ஒரு வருஷமும் தவணை கேக்க மாட்டான். அதுக்காக வட்டி தூங்குதுன்னு நெனக்காத. அது பாட்டுக்கு ராத்திரி பகலா ஓடிக்கிட்டு இருக்கும். நெல்லு வித்த மாசம் கொஞ்சம் வட்டியைக் கட்டிட்டு வா. பெட்ரோலுக்குக் கொட்டற காசுல பாதி போதும்.

அப்பறம் இன்னொண்ணு கேள்விப்பட்டேன். உன் மவ ஆறாவதுலேர்ந்து பன்னெண்டு வரைக்கும் கவர்மெண்டு பள்ளிக்கூடம். புதுமைப்பெண்ணுன்னு 2022-லேர்ந்து குடுக்கறாங்களே, மாசம் ஆயிரம், அது அவ கணக்குல ஏறுது. சரி. அந்த ஏடிஎம் கார்டு உன் பட்டாபட்டி டிராயர் பையில என்னா பண்ணுது? "பத்திரமா இருக்கட்டும்னு"வா? போன மாசம் பூச்சி மருந்து எந்தக் காசுல வாங்கின, மூஞ்சியைத் திருப்பாத. கார்டை அவகிட்ட குடு. முத மாசம் செருப்பு வாங்கித் தொலைப்பா. ரெண்டாவது மாசம் இருபதாம் தேதியே காசு தீந்து முழிப்பா. அப்ப நீ அனுப்பாத. மூணாவது மாசம் பாரு, உன்னைவிட நல்லா கணக்கு வைப்பா. அது ஒண்ணும் பெரிய விஷயமில்ல, உன் கணக்கு அந்த லட்சணம்.

சிரிக்காத, இதை மட்டும் கேட்டுக்க. 1996-ல இதே வளாகத்துல டாக்டருக்குப் படிக்க வந்த ஒரு பையனை, ராகிங்குன்னு ஆரம்பிச்சு, சீனியர் ஒருத்தன் கொன்னே போட்டான். ஊரே ஒடிஞ்சு போச்சு. மறு வருஷம், 1997-ல, அதுக்குன்னே தமிழ்நாட்டுல சட்டம் போட்டாங்க. இப்ப ராவும் பகலும் எடுக்கிற ஒரு நம்பர் இருக்கு: 1800-180-5522. உன் போன்லயும் ஏத்து, அவ போன்லயும் ஏத்து. "ம்"னு மட்டும் பேசினா பயப்படாத, அந்த வயசுல எல்லாம் "ம்"தான். ஆனா உங்கிட்ட தெனம் சண்டை போடற புள்ள ஒரு வாரமா சண்டை போடலேன்னா, அன்னிக்கு இந்த எக்ஸெல்லை எடு. ராத்திரின்னு பாக்காத. கேட்டு பூட்டியிருந்தா எகிறிக் குதி, நான் வந்து ஜாமீன் எடுக்கறேன்.

மத்த நாள்ல கொத்சு வேணாம்.

தங்கச்சி என்ன சொல்லுது? "அவ இல்லாம வீடே வெறிச்சுன்னு இருக்கு"ங்குதா? அதைச் சொல்லு. வெறிச்சுன்னு இருக்கறது உங்க ரெண்டு பேருக்கும், காவல் அவளுக்கு. பதினெட்டு வருஷமா நீயும் தங்கச்சியும் புள்ளையைப் பத்தித்தான் பேசியிருக்கீங்க. இன்னிக்கு அந்த கேரியரைத் தொறந்து ரெண்டு தட்டுல வச்சு, ரெண்டு பேரும் உக்காந்து சாப்புடுங்க. என்ன பேசறதுன்னு தெரியலேன்னா சண்டை போடுங்க.

அட, போன் அடிக்குதா? காட்டு. அவளேதான்! இன்னிக்கு அவளே கூப்பிடறா பாரு. கை நடுங்குதா? பொறு, பொறு, எடுக்காத. ரெண்டு மணி கூட அடிக்கட்டும். அப்பறம் எடுத்து, "கிளாஸ்ல இருக்கேம்மா"ன்னு சொல்லு.