'நம்ம வீட்டு ஆளுக்கு என்ன கூலி?'

கேள்வி: நாலு ஏக்கர் பண்ணையம், மூன்று மாடு. டீசல், உரம், வெளியாள் கூலி எல்லாம் என் வீட்டுக்காரர் நோட்டில் ஏறுகிறது. நான் களை எடுத்த நாள் மட்டும் ஏறுவதில்லை. கேட்டால், 'நம்ம வீட்டு ஆளுக்கு என்ன கூலி?' என்கிறார். (வாசகி, தாராபுரம்)

பதில்: டெல்லிக்காரர்களே உங்களுக்குக் கூலி போட்டுவிட்டார்கள் என்று அவரிடம் சொல்லுங்கள். குறைந்தபட்ச ஆதரவு விலையைப் பரிந்துரைக்கும் வேளாண் செலவுகள் மற்றும் விலைகள் ஆணையம், கைக்காசாகப் போன செலவோடு வீட்டு ஆட்களின் உழைப்புக்கும் ஒரு மதிப்புப் போட்டுத்தான் சாகுபடிச் செலவைக் கூட்டுகிறது. அந்தத் தொகையில் ஒன்றரை மடங்குக்குக் குறையாமல் விலை வைப்பதாக 2018 முதல் மத்திய அரசு சொல்லி வருகிறது. அரசாங்கக் கணக்கில் இருக்கும் நீங்கள் வீட்டு நோட்டில் இல்லாமல் போவது நியாயமே இல்லை.

பணம் கைமாற வேண்டாம், எழுதினால் போதும். களை எடுத்தது, தீவனம் அறுத்தது, இரண்டு வேளை பால் கறந்தது, சாணி அள்ளியது எல்லாவற்றையும் எழுதுங்கள். மாமியார் கட்டுத்தரை கூட்டினால் அதையும் சேருங்கள். வீட்டு உழைப்பை எழுதாத கணக்கில் எல்லாப் பயிரும் லாபம்போலவே தெரியும். அப்படி ஏமாந்துதான் பல குடும்பங்கள் நஷ்டப் பயிரையே வருஷா வருஷம் போடுகின்றன. சின்ன வெங்காயம் உங்களுக்குச் சோறு போட்டதா, நீங்கள் வெங்காயத்துக்குச் சோறு போட்டீர்களா என்பது அந்த நோட்டைக் கூட்டினால்தான் தெரியும்.

கேள்வி: மாட்டை விட்டு ஒரு ராத்திரி வெளியே தங்க முடியவில்லை. தங்கச்சி கல்யாணத்துக்கே முகூர்த்தத்துக்குப் போய் மொய் எழுதிவிட்டு ஓடி வந்தேன். (வாசகர், பொள்ளாச்சி)

பதில்: பக்கத்துத் தோட்டத்துக்காரர் வீட்டிலும் இதே புலம்பல்தான் இருக்கும், கேட்டுப் பாருங்கள். அவர் ஊருக்குப் போனால் நீங்கள் கறப்பது, நீங்கள் போனால் அவர் கறப்பது என்று பேசிக்கொள்ளுங்கள். ஆனால் கிளம்பும் அன்றைக்குக் கறவையை ஒப்படைக்காதீர்கள். புதுக் கை பட்டால் மாடு பாலை அடக்கிக்கொள்ளும். மடியில் பால் தேங்கினால் மடிநோய்க்கு வழி. ஒரு வாரம் முன்பே அவர் கறக்க, நீங்கள் பக்கத்தில் நின்று மாட்டைத் தடவிக் கொடுங்கள். அடுத்த கல்யாணத்தில் பந்தி முடிந்து, சொந்தங்களோடு பேசிச் சிரித்து, விடிந்தபின் வரலாம்.

கேள்வி: ராத்திரி தண்ணி கட்டப் போகிறவர் வீடு திரும்பும்வரை எனக்குத் தூக்கம் இல்லை. செல்போனில் போடும் ஸ்டார்ட்டர் வாங்கினால் போதுமா? (வாசகி, அந்தியூர்)

பதில்: ஸ்டார்ட்டர் மோட்டாரைப் போடும், மடையைத் திருப்பாது. அதனால் டார்ச்சும் முழங்கால்வரை வரும் பூட்ஸும் கட்டாயம் வேண்டும். கட்டுவிரியன் இருட்டில்தான் நடமாடும். அது கடித்தால் வலியும் வீக்கமும் பெரிதாகத் தெரியாமலே போகலாம், 'ஏதோ எறும்பு' என்று படுத்துவிடுவதுதான் ஆபத்து. சந்தேகம் வந்தாலே 108-ஐ அழைத்து, விஷமுறிவு மருந்து இருக்கும் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். இறுக்கிக் கட்டுவது, கீறுவது, மந்திரிப்பது எதுவும் வேண்டாம்.

கேள்வி: ஏழு வயது மகள் ஆசையாக வளர்த்த கிடாக்குட்டியை வியாபாரிக்குக் கொடுத்துவிட்டோம். இரண்டு நாளாக என்னோடு பேசுவதில்லை. (வாசகர், ஒட்டன்சத்திரம்)

பதில்: அவள் பள்ளிக்கூடம் போயிருந்த நேரத்தில் விற்றீர்களா? அப்படியானால் அவள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. தோட்டத்துப் பிள்ளைகளுக்கு விற்பது புரியும், ஒளித்து விற்பதுதான் பொறுக்காது. உட்காரவைத்து, அந்தப் பணத்தில் என்ன வாங்கினோம் என்று உள்ளதைச் சொல்லுங்கள். பிறகு ஒரு பெட்டைக்குட்டியை அவள் பொறுப்பில் விடுங்கள். அவளே பெயர் வைக்கட்டும். பெட்டை வளர்ப்புக்கு நிற்கும், கிடா சந்தைக்குப் போகும் என்பது அவளுக்கு முதலிலேயே தெரிந்திருக்கட்டும். வெள்ளாட்டுக்குச் சினைக்காலம் ஐந்து மாதம். ஈனும்போது இரட்டைக்குட்டி விழுந்தால், உங்களிடம் முதலில் ஓடிவந்து சொல்பவள் அவளாகத்தான் இருப்பாள். ஆட்டை விற்ற காசைவிட எனக்கு அந்த ஓட்டம் பெரிது.

கேள்வி: வேளாண்மை படித்த மகள் காட்டைத் தானே பார்க்கிறேன் என்கிறாள். 'பொட்டப்புள்ளைக்கு எதுக்குக் காடு?' என்கிறார்கள் பங்காளிகள். (வாசகர், திருச்செங்கோடு)

பதில்: பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பங்கு என்று தமிழ்நாடு 1989-லேயே சட்டம் போட்டது, 2005-இல் நாடு முழுவதற்கும் வந்தது. பங்காளிகள் பதில் சொல்லவேண்டிய கேள்வி அது இல்லை. நீங்கள் செய்யவேண்டியது, அரை ஏக்கரை முழுசாக அவள் கையில் விடுவது. எதை விதைப்பது, எங்கே விற்பது என்பது அவள் முடிவு. விற்ற காசும் அவள் வங்கிக் கணக்கில் சேரட்டும். வேலைக்கு மட்டும் மகள், முடிவுக்கு அப்பா என்றால் அவளும் ஒரு கூலியாள்தான், அதுவும் நோட்டில் ஏறாத கூலி.

கேள்வி: அடை வைத்து 21 நாள் ஆயிற்று. பதினொன்றில் ஒன்பது பொரிந்துவிட்டது. மீதி இரண்டை உடைத்துப் பார்க்கலாமா என்று பேரன் துடிக்கிறான். (வாசகி, உசிலம்பட்டி)

பதில்: இன்னும் ஒரு நாள் பொறுக்கச் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் ஓட்டில் கீறல் விழாவிட்டால் கூமுட்டைதான். தூரக் கொண்டுபோய்ப் புதைத்துவிடுங்கள், வீட்டுக்குள் உடைத்தால் அன்றைக்கு யாருக்கும் சோறு இறங்காது. பருந்து வட்டமிடும் முன் ஒன்பது குஞ்சையும் தாயோடு பஞ்சாரத்தில் கவிழுங்கள். காவலுக்குத்தான் பேரன் இருக்கிறானே!