நிறுத்திப் பார்த்தால் நிரல் மாறுமா?

கேள்வி: பிரேக்பாயிண்டில் ஜாவாஸ்கிரிப்ட் நிரலை நிறுத்தி, கன்சோலில் ஒரு வரி எழுதிப் பார்த்தேன். அதன்பின் நிரலின் போக்கே மாறிவிட்டது. ஏன்?
– ஒரு வாசகர், புக்கிட் மெர்தாஜாம்

பதில்: உப்புப் பார்க்கப் போனவர் உப்பையும் அள்ளிப் போட்டுவிட்டு வந்தால் குழம்பு மாறாதா? நீங்கள் எழுதிய வரி நிஜமாகவே ஓடுகிறது. அரேயில் ‘பாப்’ போட்டால் கடைசி உறுப்பு போயே போச்சு! பிரேக்பாயிண்டின் நிபந்தனையில் மூன்று சமக்குறிக்குப் பதில் ஒன்று போட்டால், சோதிக்க வேண்டிய மதிப்பே மாறிவிடும். இது இன்னும் மோசம்.

இதைத் தவிர்க்க ஒரு துணை உண்டு: கன்சோலில் எண்டர் தட்டுமுன்பே விடை காட்டும் வசதி. அது 2018-இல் குரோம் உலாவியின் 68-ஆம் பதிப்புடன் வந்தது. அந்த முன்விடைக்காக ஓட்டும்போது, எதையாவது மாற்றக்கூடிய வரியை குரோமின் ஜாவாஸ்கிரிப்ட் இயந்திரமான வி8 பாதியில் நிறுத்திவிடும். எண்டர் தட்டிவிட்டால் அந்தக் காவல் கிடையாது. முன்விடை தெரிந்தால் அதோடு நிறுத்துங்கள். தெரியாவிட்டால் வரியை இன்னொரு முறை படித்துவிட்டுத் தட்டுங்கள்.