கேதாரத்துக்கு மேலே ஓர் ஏரி

கேதார்நாத்துக்கு நடந்தே போன தலைமுறைக்கு நான் சொல்வது உடனே புரியும். கௌரிகுண்டத்து வெந்நீர் ஊற்றில் ரயில் அலுப்பையும் பஸ் அலுப்பையும் கரையவிட்டு, மந்தாகினி ஆற்றின் இரைச்சலைக் கேட்டுக்கொண்டே அப்போது 14 கிலோமீட்டர் ஏற வேண்டும். பாதி வழியில் ராம்பாடா வரும். அங்கே தகரக் கூரைக் கடையில், விறகுப் புகை வாசத்தோடு தருவார்களே இஞ்சித் தேநீர், அந்த ருசி அப்புறம் எந்த ஊரிலும் எனக்குக் கிடைக்கவில்லை. எதிரே இறங்கி வருகிறவர்களிடம் இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்டால், "இதோ, வந்துவிட்டது" என்பார்கள். மூச்சு வாங்கி உட்கார்ந்திருக்கும்போது அந்தப் பொய் எவ்வளவு தெம்பு தந்தது!

சம்பந்தரும் சுந்தரரும் பாடிய தலத்தைத் தரிசித்த நிறைவோடு பலரும் திரும்பிவிடுவார்கள். எனக்கு வாலிபம், கோயிலுக்குப் பின்னால் சுமார் 2 கிலோமீட்டர் ஏறி சோராபாரி ஏரிக்குப் போனேன். 1948-இல் காந்தியின் அஸ்தியில் ஒரு பகுதியைக் கரைத்ததால் காந்தி சரோவர் என்றும் அதற்குப் பெயர். ஒரு பக்கம் மலைச்சரிவு. மறுபக்கம், சோராபாரி பனியாறு சுருங்கிப் பின்வாங்கியபோது ஓரத்தில் விட்டுப்போன கல்லும் மண்ணுமான மேடு. நடுவே உருகிய பனியும் மழையும் தேங்கிய நீர். கையை விட்டால் விரல் மரத்துப்போகும். அந்த மேட்டில் உட்கார்ந்து பொரி தின்ற நாளில், அது இறுகாத கரை என்றோ, நீர் கசிந்து போவதைத் தவிர ஏரிக்குப் போக்கிடமே இல்லை என்றோ யார் நினைத்தோம்?

2013 ஜூன் மாதம், பனி உருகும் வேளையில் பெருமழையும் சேர்ந்து கொட்டியது. 17-ஆம் தேதி காலை மேடு உடைந்தது. சுமார் 400 மீட்டர் நீளமும் 200 மீட்டர் அகலமும் இருந்த ஏரி சில நிமிடங்களில் காலியாயிற்று. பல்லாயிரம் உயிர்களைக் குடித்த அந்த வெள்ளத்தில் ராம்பாடாவே இல்லாமல் போயிற்று. கோயிலின் பின்புறம் வந்து நின்ற பெரும்பாறை வெள்ளத்தைப் பிரித்துவிட்டதால் கோயில் தப்பியது என்கிறார்கள். பீம் ஷிலா என்று அதையும் இப்போது கும்பிடுகிறார்கள்.

இன்று ஹெலிகாப்டர் போகிறது. சோன்பிரயாகிலிருந்து 12.9 கிலோமீட்டருக்கு ரோப்காருக்கும் 2025-இல் மத்திய அரசு ஒப்புதல் தந்துவிட்டது. 36 நிமிடத்தில் போய்விடலாமாம். முழங்கால் வலியால் கேதாரம் பார்க்காமலே கண்மூடிய என் அம்மாவை நினைத்தால், வரட்டும் என்றே மனம் சொல்கிறது. ஆனால் அம்மா அந்த இஞ்சித் தேநீரையும் குடித்திருக்க வேண்டும்.

ஏரி உடைவது கேதாரத்தோடு முடிந்துவிடவில்லை. 2023 அக்டோபரில் சிக்கிமின் தெற்கு லோனக் ஏரி உடைந்து, சுங்தாங் அணையையே அடித்துக்கொண்டு போனது. அதுவும் பனியாறு விட்டுப்போன மேடு தாங்கி நின்ற ஏரிதான். பள்ளத்தாக்கில் ரோப்காருக்குத் தூண் நடுகிறவர்களே, முதலில் மேலே ஏறிப்போய் அங்கே தேங்கி நிற்கும் நீரை அளந்து பாருங்கள். ஆண்டுதோறும் அளந்துகொண்டே இருங்கள்.