பரமண்டலத்துக்கு ஒரு மனு

ஏ மருமவனே, இப்படித் திண்ணையில வந்து உக்காரு. ஜெபக் கூட்டத்துல நீ பண்ணுன ஜெபத்தை நானும் கண்ணை மூடிக் கேட்டுக்கிட்டுதான் இருந்தேன். நல்ல தொண்டைடே உனக்கு. மவனுக்குக் கனடா விசா, மவளுக்கு மாப்பிள்ளை, அந்த மாப்பிள்ளைக்கு அரசாங்க வேலை, கீழக்காட்டு போருல தண்ணி, பக்கத்துக் காட்டுக்காரனுக்கு நல்ல புத்தி. ஒண்ணையும் விடலியே! நீ ஆமென் சொன்னதும் மேல இருந்து ரசீது வருமான்னு ஒத்தைக் கண்ணைத் தொறந்து பாத்தேன்.

கலெக்டர் ஆபீசுல திங்கக்கிழமை மனு வாங்குதாங்கல்லா, அதை நீ ஞாயித்துக்கிழமைக்கு மாத்திக்கிட்ட. மனுவுல முதல் வரி 'மாண்புமிகு ஐயா அவர்கள் சமூகத்துக்கு'ன்னு இருக்கும். எழுதுனவனுக்கும் அதுல நினைப்பு இல்ல, வாங்குதவருக்கும் இல்ல. நீ முதல்ல அடுக்குன ஏழெட்டு ஸ்தோத்திரமும் அந்த ரகம்தான். புகழ்ச்சியைச் சட்டுன்னு முடிச்சுட்டு 'பொருள்'னு போட்டு விஷயத்துக்கு வந்துட்ட.

கோவிச்சுக்காத. நம்ம ராதாபுரம் பக்கத்துல ஆண்டவர் படுத பாட்டைக் கொஞ்சம் யோசி. பனையேறுதவன் சித்திரையில மழையே வேண்டாங்கான். பாளையில மழைத்தண்ணி விழுந்தா பதனி கெட்டுச்சு, கருப்பட்டிக்கு எங்க போக? அதே பெஞ்சுல அவன் தோளோட தோள் இடிச்சு உக்காந்திருக்கவன், கொளம் வெடிச்சுக் கெடக்கு, ஒரு கோடை மழையாவது குடும் ஆண்டவரேங்கான். காத்தாடி நிக்கிற காட்டுக்குச் சொந்தக்காரன் ஆடிக் காத்து அள்ளிக்கிட்டு வரணுங்கான். பின் பெஞ்சுல வாழை போட்டவன், ஐயோ காத்தை அடக்கும், குலை தள்ளுத சமயம்ங்கான். இடிந்தகரையிலயும் கூட்டப்புளியிலயும் வள்ளக்காரங்க வேற, மாதாகிட்டயும் அந்தோணியார்கிட்டயும் அதே காத்தைப் பத்தித் தனியா முறையிடுதாங்க. எந்த மனுவுல அவர் ஒப்பம் போடுவாரு?

2016 தேர்தலை மறந்திருக்க மாட்ட. நம்ம தொகுதியில வித்தியாசம் வெறும் 49 ஓட்டு. ரெண்டு பக்கமும் முழங்கால்ல நின்னவங்கதான். ஒரு பக்கம் ஜெபம் கேக்கப்பட்டதுன்னாங்க. இன்னொரு பக்கம் கோர்ட்டுக்குப் போயிட்டாங்க.

ஜெபம் பண்ணச் சொல்லித்தாரும்னு சீஷருங்க கேட்டப்ப இயேசு சாமி என்ன வரிசையில சொல்லிக் கொடுத்தாரு? முதல்ல பிதாவோட நாமம். அப்புறம் அவர் ராஜ்யம். அதுக்கப்புறம் அவர் சித்தம். இம்புட்டும் ஆன பொறவுதான் ஆகாரம் மெல்லத் தலையை நீட்டுது. அதுவும் அன்னன்னைக்கு உண்டானது. கனடா வரைக்கும் கட்டுச்சோறு இல்ல. பனையேறுதவனும் கொளத்துக்காரனும் வாழைக்காரனும் காத்தாடிக்காரனும் ஒருத்தன் வாயில இன்னொருத்தன் மண்ணைப் போடாம சேந்து சொல்லக்கூடியது அந்த முதல் மூணும்தான். நாம அதை ஒரே மூச்சுல ஒப்பிச்சுப்புட்டு, சொந்த ஜெபம்னு வந்ததும் ஆகாரத்துல தொடங்கி ஆகாரத்துலயே முடிக்கோம்.

இந்தா, கூப்பிடு தூரத்துல இடையன்குடி இருக்கு. கால்டுவெல் ஐயர் அங்க வந்தது 1841ல. அவர் எடுத்துக் கட்டுன கோயிலைப் பிரதிஷ்டை பண்ணுனது 1880ல. கட்டுமானம் மட்டும் 30 வருஷத்துக்கு மேல இழுத்துச்சு. நடுவுல 1876ல தாது வருஷப் பஞ்சம் வேற தலையெடுத்துச்சு. கடைக்காலுக்கு மண்ணு சுமந்தவங்கள்ல எத்தனை பேரு கூரையைப் பாத்திருப்பாங்க? கூலிக்குச் சுமந்தவனும் உண்டு, இல்லேங்கல. ஆனா தன் ஆயுசுல முடியுமா முடியாதான்னு தெரியாத கோயிலுக்கு ஒருத்தன் காணிக்கை போட்டிருந்தான்னா, 'எனக்கு என்ன கெடைக்கும்'னு கேட்டா போட்டிருப்பான்? அவனுக்கும் வயிறு இருந்துச்சு, வரப்புத் தகராறு இருந்துச்சு, கட்டிக் கொடுக்க மவ இருந்தா.

நம்ம கதையைப் பாரு. வருஷத்துல ஒரு ஸ்தோத்திரப் பண்டிகை, நன்றி சொல்லுததுக்குன்னே வச்சது. அன்னைக்கும் நீ ஒரு கட்டு முருங்கைக்காயை ஏலத்துல ஏத்தி ஏத்தி எடுத்துட்டு, மைக்குல உன் பேரை ஒரு தடவைதான் சொன்னாங்கன்னு சோறு திங்காமப் போனியே! மகிமை யாருக்குடே போச்சு? முருங்கைக்காய்க்குக் கூடப் போகலியே.

கேக்கவே கூடாதுன்னு சொல்ல நான் ஆரு? ஆகாரத்தை அந்த ஜெபத்துல வச்சதே அவர்தான். கெத்செமனேயில பாத்திரம் நீங்கணும்னு அவரே கேக்கத்தான் செஞ்சாரு. ஆனா கேட்ட வாய் மூடும் முன்ன, உம்முடைய இஷ்டம்னு பிதா கையில விட்டுட்டாரு. உன் விசா மனுவை மொதல்ல இருந்து கடைசி வரை கேட்டேன், அந்த விடுதல் மட்டும் எங்கயும் வரலியே. தேதி வேற குறிச்சுக் கொடுத்துட்ட, மார்ச்சுக்குள்ளன்னு.

சரி, அத்தை காப்பி கொண்டாரா, குடி. அடுத்த வாரமும் உபதேசியார் உன்னையத்தான் ஜெபம் பண்ணச் சொல்லுவாரு, தொண்டை அப்படி. உன் வீடு, உன் பிள்ளைங்க, உன் காடு ஒண்ணையும் இழுக்காம, அவரைப் பத்தி மட்டும் ரெண்டு நிமிஷம் பேசிப் பாரு. பேச்சு வரலேன்னா ஆமென் சொல்லிட்டு உக்காந்துரு. கோயில் பிள்ளை சீக்கிரம் பூட்டிட்டு வீட்டுக்குப் போவாரு, அவருக்கும் பசிக்கும்லா.