முதலில் தண்ணீர், அப்புறம்தான் துணி

கேள்வி: கறுப்பு கார் வாங்கி மூன்று மாதம் ஆகிறது. தினமும் துடைத்துப் பளபளவென்று வைத்திருக்கிறோம். ஆனாலும் வெயிலில் நிறுத்தினால் பானெட் முழுக்கச் சிலந்தி வலை மாதிரி கோடுகள். ஏன்?
- வாசகர், திருச்சி

பதில்: தினமும் துடைக்கிறீர்களே, அதனால்தான்!

பெயின்ட்டுக்கு மேலே நிறமில்லாத ஒரு பூச்சு உண்டு. கிளியர் கோட் என்பார்கள். கனம் சுமார் 40, 50 மைக்ரான். நம் தலைமுடியைவிட மெல்லிசு. ராத்திரி முழுக்கப் படிந்த தூசியில் மணலும் இருக்கும். அதைக் காய்ந்த துணியால் அழுத்தித் தேய்ப்பது உப்புத்தாள் போடுவதற்குச் சமம்.

எங்கள் குடியிருப்பில் கார் துடைக்க வருகிற அண்ணனிடம் இருந்தது ஒரு வாளி, ஒரு பனியன் துணி. துடைக்க வேண்டியதோ பதினோரு கார். ஒருநாள் அந்த வாளியின் அடியில் கைவிட்டுப் பார்த்தேன். விரலிடுக்கில் நறநறவென்று மணல். அவரைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? கொடுத்ததை வைத்துத்தானே வேலை செய்கிறார். எல்லோருமாகச் சேர்ந்து இன்னொரு வாளியும், காருக்கு இரண்டு மைக்ரோஃபைபர் துணியும் வாங்கிக் கொடுத்தோம்.

முதலில் தண்ணீர் ஊற்றித் தூசியை வழியவிடுங்கள். பிறகு கார் ஷாம்பு, மேலிருந்து கீழாக. ஒரு வாளியில் ஷாம்பு, மற்றதில் துணி அலச வெறும் தண்ணீர். சக்கரத்துக்குத் தனித் துணி. தண்ணீர் இல்லாத நாளில் தூசியைத் தொடாதீர்கள். சும்மா கிடக்கும் தூசி கோடு போடாது. இப்போது விழுந்திருக்கும் கோடுகளை மெஷின் பாலிஷில் எடுக்கலாம். ஆனால் ஒவ்வொரு பாலிஷும் கிளியர் கோட்டைக் கொஞ்சம் தின்றுவிடும், அடிக்கடி வேண்டாம்.

கேள்வி: பாத்திரம் துலக்கும் சோப்பையே காருக்கும் போடலாமா?
- வாசகி, கரூர்

பதில்: எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கவே அதைச் செய்கிறார்கள். காரின் மெழுகுப் பூச்சையும் சேர்த்தே எடுத்துவிடும். அடுக்களையிலேயே இருக்கட்டும்.

கேள்வி: செராமிக் கோட்டிங் போட்டால் கீறலே விழாது, 9எச் கடினம் என்கிறார் விற்பனையாளர். நம்பலாமா?
- வாசகர், கோவை

பதில்: 9எச் என்பது பென்சில் கணக்கு. அந்தப் பென்சிலால் கிழித்தால் கோடு விழவில்லை என்பதுதான் அதற்கு அர்த்தம். சாவியும் சரளைக் கல்லும் பென்சில் இல்லையே! செராமிக் கோட்டிங்கின் கனம் ஓரிரு மைக்ரான்தான். தண்ணீர் முத்து முத்தாக உருண்டோடும், சேறு சுலபமாகப் போகும், வெயிலில் நிறம் மங்குவது குறையும். அதற்காகப் போடுங்கள், நல்லதுதான்.

கல்லடிக்குப் பயந்தால் பிபிஎஃப் என்கிற பாலியூரித்தேன் படலம் வேண்டும். கனம் 150 முதல் 200 மைக்ரான். நல்ல தரமானதில் சின்னக் கோடுகள் வெயில் சூட்டில் தாமாகவே மறையும். முழுக் காருக்கும் ஒட்டினால் பணம் கரையும். என் யோசனை: முன் பம்பர், பானெட்டின் முன்பகுதி, பக்கக் கண்ணாடிகளின் முதுகு, கதவுக் கைப்பிடிக் குழி. இது போதும். அந்தக் குழியை ஒருமுறை டார்ச் அடித்துப் பாருங்கள். நகமும் மோதிரமும் போட்ட பிறைக் கோடுகள் தெரியும். வீட்டார் போட்டதுதான்!

கேள்வி: ஆயுத பூஜைக்குப் பானெட்டில் சந்தனம், குங்குமம் வைப்பது எங்கள் வழக்கம். பெயின்ட் கெடுமா?
- வாசகி, மதுரை

பதில்: வழக்கத்தை விடவே வேண்டாம். முன்கண்ணாடியில் வையுங்கள், கறை பிடிக்காது. பானெட்டில் வைத்துக் காய்ந்துவிட்டதா? நகத்தால் சுரண்டாதீர்கள். ஈரத்துணியைப் போட்டு ஊறவிட்டு எடுங்கள்.

கேள்வி: காக்கை எச்சத்தை ஞாயிற்றுக்கிழமை கழுவும்போது பார்த்துக்கொள்ளலாமா?
- வாசகர், தஞ்சாவூர்

பதில்: நம் ஊர் வெயிலில் ஞாயிறு வரை தாங்காது. எச்சத்தில் யூரிக் அமிலம் இருக்கிறது. சூட்டில் இளகிய பூச்சை அரித்துத் தழும்பாக்கிவிடும். அன்றன்றே எடுங்கள், அதையும் ஊறவைத்து.

கேள்வி: தெருவில்தான் நிறுத்துகிறேன். கவர் போடலாமா?
- வாசகர், நாகர்கோவில்

பதில்: கழுவித் துடைத்த காருக்குப் போடலாம். தூசியோடு போட்டால், காற்றில் கவர் படபடக்கும்போதெல்லாம் அதுவும் ஒரு காய்ந்த துணிதான்.

கேள்வி: முன்னால் இரும்பு பம்பர் கம்பி போட்டால் பத்திரமா?
- வாசகர், சேலம்

பதில்: கூடாது. 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு அதைத் தடுக்கச் சொல்லி மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. நடந்து போகிறவர் மேல் பட்டால் காயம் பெரிதாகும். ஏர்பேக் சரியான நேரத்தில் விரிவதையும் கெடுக்கும். பெயின்ட்டைவிட உயிர் பெரிது.

கேள்வி: யாரோ சாவியால் கதவில் கோடு இழுத்துவிட்டார்கள். மனசே ஆறவில்லை. இன்ஷூரன்ஸில் கேட்கலாமா?
- வாசகி, சென்னை

பதில்: வருத்தம் புரிகிறது. முதலில் நகத்தைக் கோட்டின் குறுக்கே ஓட்டிப் பாருங்கள். நகம் மாட்டவில்லை என்றால் பாலிஷிலேயே போய்விடும். மாட்டினால் பெயின்ட் வேலை. இன்ஷூரன்ஸில் கேட்கும் முன் கணக்குப் போடுங்கள்: முதல் வருடம் க்ளெய்ம் இல்லையென்றால் சொந்தச் சேத பிரீமியத்தில் 20 சதவீதம் சலுகை, ஐந்து வருடத்தில் அது 50 சதவீதம். ஒரு கோட்டுக்காக அதை இழப்பது பெரும்பாலும் நஷ்டம். ஆனால் கோட்டுக்குள் தகரம் தெரிகிறதென்றால் தள்ளிப்போடாதீர்கள். உங்கள் வண்டியின் கலர் எண்ணைச் சொல்லி டச்-அப் பெயின்ட் வாங்கி, ஐப்பசி மழைக்கு முன் அடைத்துவிடுங்கள்.