கண்ணைக் கட்டிக்கிட்டு பியானோ வாங்குடா பேராண்டி

நேத்து ராத்திரி மூணு டிஜிட்டல் பியானோவைக் கைபேசியில மாத்தி மாத்திக் கேட்டுட்டு, "யமஹா கணீர்னு இருக்கு, ரோலண்டு இனிமை, காவாயில கம்பீரம்"னு தீர்ப்புச் சொன்னியே பேராண்டி, நான் அசந்தே போயிட்டேன். தகரக் கூரை மேல மழை கொட்டுது. கைபேசியோட ஸ்பீக்கர் உன் சுண்டுவிரல் நகத்தளவு கூட இல்லை. பியானோவுல ஆக இடது பக்கக் கட்டையோட சுரம் வினாடிக்கு 27.5 தடவை அதிரும். கைபேசி சில நூறுக்குக் கீழ வாயைத் திறக்கவே திறக்காது. திறக்காத வாயிலிருந்து கம்பீரத்தைக் கேட்டவன், இந்தக் கோலா கெத்தில்லயே நீ ஒருத்தன்தான்.

வாங்கறது வாங்கு, தடுக்கல. 2019-ல சென்னைப் பையன் லிடியன் நாதஸ்வரம் அமெரிக்காவுல வாசிச்சுப் பத்து லட்சம் டாலர் ஜெயிச்சதிலிருந்து, உன் மகளுக்கும் ஒரு கட்டைப்பெட்டி வேணும்னு நிக்கிற. நிஜப் பியானோ வேண்டாம்னு முடிவு பண்ணின பாரு, அதுமட்டும் புத்தி. அதுல கம்பி மட்டும் இருநூறுக்கு மேல. ஆத்தங்கரை ஈரம் பலகையில ஏறினா உப்பும், சுருதி நகரும். கரையானுக்குச் சங்கீதமும் தெரியாது, தவணை பாக்கியும் தெரியாது.

ஆனா டிஜிட்டல் பெட்டியைக் கண்ணால வாங்கப் போறியே, அதான் சிரிப்பு. இந்தப் பெட்டியோட பூர்வீகம் ஒரு பார்வையில்லாதவரோட காதுல இருக்குடா. அமெரிக்காவுல ரே கர்ஸ்வைல்னு ஒருத்தர், 1976-ல கண் தெரியாதவங்களுக்குப் புத்தகத்தை வாய்விட்டு வாசிக்கிற எந்திரம் செஞ்சார். அதை வாங்கின பாட்டுக்காரர் ஸ்டீவி வொண்டர் அவருக்குச் சிநேகிதமாயிட்டார். கம்ப்யூட்டர் வாத்தியத்துல வசதியெல்லாம் இருக்கு, நிஜ வாத்தியத்தோட குரல்தான் இல்லைன்னு 1982 வாக்குல ஸ்டீவி குறைப்பட, அதுக்குப் பதிலா 1984-ல வந்ததுதான் கர்ஸ்வைல் 250. நிஜப் பியானோவைப் பதிஞ்சு உள்ளே வெச்சுருந்தாங்க. பளபளப்பைப் பார்க்க முடியாத மனுசன் கேட்டதால காது பக்கம் வேலை நடந்துச்சு. நீ போய்க் கேட்டிருந்தா கறுப்பு வார்னிஷ் இன்னும் ரெண்டு கோட்டு அடிச்சுக் குடுத்திருப்பாங்க.

பழைய ரப்பர்த் தோட்டத்துல கிராணி உன் பாட்டியோட பாலை எப்படிப் பார்த்தார் தெரியுமா? வாளி புதுசா, பால் வெள்ளையான்னு பார்க்கலை. மெட்ரோலாக்னு ஒரு அளவு மிதவையை உள்ளே விட்டார். ரப்பர் எவ்வளவு, தண்ணி எவ்வளவுன்னு அது காட்டிக்குடுத்துடும். பியானோப் பெட்டியிலயும் தண்ணி கலப்பாங்க. ஒவ்வொரு கட்டையையும் மெல்ல, நடுத்தரமா, ஓங்கின்னு பல அடுக்குல அடிச்சுப் பதியணும். செலவுக்குப் பயந்தவன் சில கட்டையை மட்டும் பதிஞ்சு, நடுவுல உள்ளதை இழுத்தும் சுருக்கியும் ஒப்பேத்துவான். அதுக்காக விட்டுவிட்டுப் பதிஞ்சாலே மட்டம்னு கிளம்பிடாத. சாலமேண்டர்னு ஒரு பியானோப் பதிவு இனாமாவே கிடைக்குது. யமஹா சி5 பியானோவை மூணு அரைச்சுரத்துக்கு ஒண்ணுன்னுதான் பதிஞ்சிருக்காங்க, ஆனா 16 அடுக்கு. காசு குடுத்து வாங்கின எத்தனையோ பெட்டி அதுங்கிட்ட வெட்கப்படும்.

அதனால கடைக்குப் போனதும் பாட்டு வாசிக்காத. உனக்கு வரவும் வராது. இடது கோடியில ஒரு கட்டையை அழுத்திக் கையை எடுக்காம இரு. நிஜப் பியானோவா இருந்தா அரை நிமிசம் கிட்ட இழுக்கும். மேல இருக்கிற மினுக்கு முதல்ல சாகும், அடிக்குரல் கடைசியில அடங்கும். மட்டமான பெட்டியில ரெண்டு மூணு வினாடிக்குள்ள ஒரே துண்டு சுத்த ஆரம்பிச்சுடும். அப்புறம் ஒரே கட்டையை மெல்லத் தொட்டு, படிப்படியா ஓங்கு. 1983-ல வந்த மிடிங்கிற மின்வாத்தியக் கணக்குப்படி அழுத்தத்துக்கு 127 படி உண்டு. அடுக்கு கம்மியா இருந்தா, நடுவுல ஒரு படியில பியானோவே ஆள் மாறின கணக்கா குரல் தாவும்.

கடைசி சோதனை கொஞ்சம் குசும்பு. வலது கையால ஒரு கோர்வையைச் சத்தம் வராம அமுக்கிப் பிடி. இடது கையால கீழ் சுரத்தை வெடுக்குனு தட்டி விட்டுடு. நிஜப் பியானோவுல நீ அடிக்காத கம்பிகளும் மெல்ல முனகும், ஏன்னா அமுக்கின கட்டையோட கம்பி மேல இருக்கிற தடுப்பு விலகியிருக்கும். தனித்தனியாப் பதிஞ்ச சுரத்துக்குள்ள இந்த முனகல் இருக்காது. கணக்குப் போட்டுத்தான் அதைச் சேர்க்கணும். முழுசையும் கணக்குலயே செய்யற ஆளும் உண்டு. 2006-ல பியானோடெக்னு ஒரு மென்பொருள் வந்துச்சு, அதுல பதிவே கிடையாது. அதைக் கேட்டுட்டு ஆகா நிஜப் பதிவுன்னு சத்தியம் பண்ணினவனெல்லாம் இருக்கான். உன்னை ஜாடை பேசலடா.

விற்கிற பையன் "இதுல போசன்டார்ஃபர் இம்பீரியல் குரல் இருக்கு சார்"னு ஆரம்பிப்பான். இருக்கும், பொய்யில்லை. 1828-ல வியன்னாவுல பிறந்த கம்பெனி அது, 2008-ல யமஹா வாங்கிடுச்சு. நிஜ இம்பீரியலுக்கு 97 கட்டை. உனக்குக் காட்டுறதுல 88. மிச்சம் ஒன்பது கட்டை எங்க தம்பின்னு கேட்டு அவன் முகத்தைப் பாரு, விலையில அம்பது வெள்ளியாவது இறங்கும். சத்தம் வைக்கிற குமிழ் மேலயும் ஒரு கண்ணு இருக்கட்டும். ரெண்டு பெட்டியில ஒண்ணை ஒரு முடுக்கு கூட்டி வெச்சாப் போதும், காது அதைத்தான் உசத்தின்னு சொல்லும். அந்த ஒரு முடுக்குக்கு நீ ரெண்டாயிரம் வெள்ளி கூடக் குடுப்ப.

சனிக்கிழமை சுங்கைப்பட்டாணி போறப்ப என்னையும் காடியில ஏத்திக்க. உன் வீட்டுக்காரி கட்டையை அழுத்தட்டும்; நீ முதுகைக் காட்டிக்கிட்டு உட்காரு, வீட்டுல பழகினதுதானே. கண்ணைக் கட்ட என் துண்டு இருக்கு. ஒரே பெட்டியை ரெண்டு தடவை வாசிச்சுட்டு எது உசத்தின்னு உன்னைக் கேட்கணும்னு அவகிட்ட ஏற்கனவே சொல்லி வெச்சிருக்கேன். அடடா, உளறிட்டேனா? பரவாயில்லை, அங்க போனதும் மறந்துடுவ. வித்தியாசம் சொன்னியானா கோப்பி உன் காசு.