திருடனின் கையெழுத்தும் தங்கள் கையெழுத்தும்

மதிப்பிற்குரிய வங்கித் தலைமை அலுவலகத்தார் அவர்களுக்கு,

அவசரப்படுத்தினால், மிரட்டினால், லிங்க்கை அழுத்தச் சொன்னால் அது போலி மின்னஞ்சல் என்று எங்களுக்குப் பாடம் எடுத்தவர்கள் தாங்கள்தான். நல்ல பாடம். ஆனால் தங்கள் கடிதங்கள் எப்படி இருக்கின்றன? கேஒய்சி புதுப்பிக்க இன்றே கடைசி நாள், பரிசுப் புள்ளிகள் நள்ளிரவோடு காலாவதி, கீழே அழுத்துங்கள். அந்தச் சுருக்கிய லிங்க்கோ பலகை இல்லாத பஸ் மாதிரி. எங்கே போகிறதென்று ஏறிய பிறகுதான் தெரியும். பாவம், திருடன் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. தங்களிடம் தொழில் பழகியிருக்கிறான், அவ்வளவுதான்.

ஓடிபியைக் கொடுத்தது வாடிக்கையாளர்தானே என்பீர்கள். ரகசிய விவரத்தை அலட்சியமாகக் கொடுத்தால், புகார் செய்யும்வரை ஆகும் நஷ்டம் அவருடையதே என்று ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வெளியிட்ட சுற்றறிக்கை சொன்னது உண்மைதான். அதைத் தங்கள் ஊழியர்கள் மனப்பாடமாகச் சொல்வார்கள். வாடிக்கையாளரின் பொறுப்பை நிரூபிக்கவேண்டியது வங்கியே என்றும் அதே சுற்றறிக்கை சொன்னது. அந்த வரிக்கு வரும்போது மட்டும் தொண்டை கட்டிக்கொள்கிறது. தவிர, நூறு முறை அழுத்தச் சொல்லிப் பழக்கிவிட்டு, நூற்றியோராவது முறை அழுத்தியதை அலட்சியம் என்பது என்ன நியாயம்?

லிங்க் இல்லாமல் தொழில் நடக்காது என்பது அடுத்த வாதம். சிங்கப்பூரில் 2021 டிசம்பரில் ஓசிபிசி வங்கியின் பெயரில் போலிக் குறுஞ்செய்திகள் வந்தன. வங்கியின் அசல் செய்திகள் இருந்த அதே வரிசையிலேயே அவையும் போய் உட்கார்ந்துகொண்டன. சுமார் 790 பேர் 1.37 கோடி சிங்கப்பூர் வெள்ளியை இழந்தார்கள். அடுத்த மாதமே, வாடிக்கையாளருக்கு வங்கிகள் அனுப்பும் மின்னஞ்சலிலும் குறுஞ்செய்தியிலும் லிங்க் கூடாது என்று அங்கே முடிவாயிற்று. வங்கித் தொழில் ஒன்றும் படுத்துவிடவில்லை. இங்கேயும் 2025 அக்டோபர் 31-க்குள் எல்லா வங்கித் தளங்களும் ‘பேங்க் டாட் இன்’ முகவரிக்கு மாறவேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. வரவேற்கிறோம். ஆனால் பளபளக்கும் பொத்தானுக்குப் பின்னால் முகவரியை ஒளித்துவைத்தால் யார் அதைப் படிக்கப்போகிறார்கள்?

பணம் போன நிமிடமே 1930 என்ற உதவி எண்ணைக் கூப்பிடு என்கிறது அரசு. தங்கள் எண்ணைக் கூப்பிட்டால் முதலில் வீட்டுக் கடன், பிறகு நகைக் கடன், பிறகு இசை. கணக்கை முடக்கும் வழியை முதல் எண்ணில் வையுங்கள். கடனை அப்புறம் விற்கலாம்.

பின்குறிப்பு: இந்தக் கடிதத்தில் லிங்க் எதுவும் இல்லை. பதில் எழுதும்போது தாங்களும் வைக்கவேண்டாம்.